மண்சரிவு எச்சரிக்கையும் செவிப்புலனற்றோரும்: சப்ரகமுவ தோட்டங்கள்

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் மலைத்தோட்டங்களில் அடைமழைக் காலத்தின் பேராபத்து மண்சரிவு. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது; அதே நாளில் புளத்கொஹுபிட்டிய, களுபஹன தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணில் புதைந்தன.

எச்சரிக்கை நிலைகள்: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணி நேர மழை 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேறத் தயார்நிலை, 150 தாண்டினால் வெளியேற்றம். ஒரு மணி நேரத்தில் 75 மி.மீ. பெய்தாலும் வெளியேற வேண்டும்.

இடர்ப்பாடு: ஒலிபெருக்கி, அக்கம்பக்கத்தார் கூச்சல், மலை இறங்கும் இரைச்சல் எதுவும் காது கேளாதவரை எட்டாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைக்கவும் காது கேட்கும் ஒருவரின் துணை வேண்டும்.

கண்ணால் அறிபவை: நிலத்திலும் சுவரிலும் புது வெடிப்பு, சாயும் மரங்களும் மின்கம்பங்களும், திடீரெனக் கிளம்பும் அல்லது வற்றும் ஊற்று, கலங்கி வரும் நீர். மேற்சொன்ன மழை அளவுகளைக் காட்டும் முற்றத்து மழைமானி காதின் வேலையைக் கண்ணுக்கு மாற்றித் தருகிறது.

ஆயத்தம்: கிராம உத்தியோகத்தரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் முன்கூட்டியே பெயர் பதிவது, தொட்டு எழுப்ப அடுத்த காம்பராவில் ஒருவரை ஒழுங்குசெய்வது, அதிரும் கைபேசியைத் தலையணைக்கடியில் வைப்பது ஆகியவை உதவும். மின்சாரம் போனால் டோர்ச் ஒளியைக் கைகளில் படும்படி பிடித்தால்தான் சைகை புரியும். முகத்தில் அடித்தால் கண் கூசும். புகலிடமும் அதற்கான வழியும் பகலில் நடந்து பார்க்கப்பட வேண்டும். பாதை சரிவையோ ஓடையையோ கடக்கக்கூடாது.