குச்சியும் கொட்டகையும்

சிவகாசியிலும் அதைச் சூழ்ந்த கரிசல் கிராமங்களிலும் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் என்பதே வழக்கு. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று, தீக்குச்சி செய்யும் வித்தையைக் கற்றுத் திரும்பி, மழை பொய்த்த அந்த மண்ணிலே அதை ஊன்றிய பின்பு, வானம் பார்த்த ஜனங்களின் வாழ்க்கை வாரக் கணக்கில் ஓடத் தொடங்கிற்று. சனிக்கிழமை கூலி, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. அந்தக் கூலியையும் ஓய்வையும் நம்பியே எங்கள் தெருக்கோடிச் சினிமாக் கொட்டகை உயிர் வாழ்ந்தது.

சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரமடித்துக் காட்டிய காலத்திலிருந்து வந்த பரம்பரைதான் இந்தக் கொட்டகைகளும். தரை, பெஞ்சு, நாற்காலி என்று வகுப்புகள் உண்டு. ஆண்களையும் பெண்களையும் பிரிக்க இடுப்பளவு மண்சுவர் உண்டு. அந்தச் சுவருக்கு அப்பால் தரை மணலைக் குவித்து அமர்ந்திருந்த பெண்களைத்தான் நான் பெரிதும் நினைக்கிறேன். எத்தனை தேய்த்துக் கழுவினாலும் போகாத, பட்டாசு ஆபீஸின் அலுமினியப் பொடி அவர்களுடைய முழங்கைகளில் ஒட்டியிருக்கும். திரையில் பட்டுத் திரும்பும் ஒளியில் அது மினுக்கும். தாம் சம்பாதித்த காசில், யாருக்கும் சோறு பரிமாறாமல், மூன்று மணி நேரம் ஓரிடத்தில் உட்கார அவர்களுக்கு வாய்த்த ஸ்தலம் அது ஒன்றே. அவர்களில் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டிய சிறுமிகளும் இருந்தார்கள் என்பதை மறைத்துவிட்டு அக்காலத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

அங்கே படம் ஓடியதும் குச்சியின் தயவால்தான். இரண்டு கார்பன் குச்சிகளை முனையோடு முனை தொடவிட்டு, மின்சாரம் பாய்ந்ததும் சிறிதே விலக்கினால், அந்த இடைவெளியில் கண்ணைப் பறிக்கும் பிரகாசம் எழும். குச்சிகள் எரிந்து தேயத் தேய, இடைவெளி மாறாதபடி கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்துத் திருகிக்கொண்டே இருப்பார் ஆபரேட்டர். பழைய பிலிமோ இன்னும் அபாயகரமானது. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் தோய்த்து உண்டாக்கும் வெடிப்பஞ்சின் உறவு அது. வெடியுப்பு சேர்ந்த பட்டாசு மருந்தைப் போலவே, எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதால், தண்ணீரில் அமிழ்த்தினாலும் அணையாது. 1950-களில் எளிதில் தீப்பற்றாத பிலிம் வந்து அந்தப் பயத்தைப் போக்கிற்று; ஆயினும் கீற்றுக் கூரையின் பயம் போகவில்லை என்பதை 1979-ல் தீப்பிடித்த தூத்துக்குடிக் கொட்டகையில் மாண்ட ஜீவன்கள் உணர்த்தின. பகலெல்லாம் மருந்தோடு பழகிய எங்கள் ஊரார், கொட்டகைக்குள் யாராவது பீடி பற்றவைத்தால் திரையை விட்டுவிட்டு அந்த நெருப்பையே பார்ப்பார்கள்.

தீபாவளிதான் உச்சம். தமிழ்நாடு முழுவதும் வெடிக்கப்போகும் சரங்களைப் பின்னி அனுப்பிவிட்டு, போனஸும் விடுமுறையும் பெற்ற ஜனங்கள் புதுப்படத்துக்கு வந்து நிற்பார்கள். வசதியுள்ளவர்கள் மதுரைக்கே போவார்கள்; 1952 தீபாவளியன்று ‘பராசக்தி’யோடு திறக்கப்பட்ட தங்கம் தியேட்டர், இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆசனங்களோடு, ஒரு க்ஷேத்திரம் போல அவர்களை இழுத்தது. அதுவும் பின்னாளில் மூடப்பட்டு, இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் இன்று ஜவுளிக்கடை நிற்கிறது.

எங்கள் கொட்டகையை இடிக்கவில்லை. கீற்று போய்த் தகரம் வந்தது, வீடுதோறும் தொலைக்காட்சி வந்தபின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கரைந்தது, பிறகு பூட்டு. தீப்பெட்டிக்கு லேபிள் அடிக்கப்போய் அச்சுத்தொழிலிலும் பேர் வாங்கிய ஊர் இது. ஆகையால் அந்தக் கட்டடம் ஓர் அச்சகத்தின் காகிதக் கிடங்காயிற்று. சென்ற முறை உள்ளே போனபோது மண்சுவர் இல்லை. பின்சுவரின் உயரத்தில் இரண்டு சதுரத் துவாரங்கள் மட்டும் இருந்தன: ஒன்று ஒளி போக, மற்றொன்று ஆபரேட்டர் பார்க்க. அவற்றின் வழியே வந்த சாயங்கால வெயில், அடுக்கியிருந்த அடுத்த வருஷத்துக் காலண்டர்களின் மேல் விழுந்துகொண்டிருந்தது.