எயர் இந்தியா 182: அரசின் பொறுப்பு

1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கடற்பரப்புக்கு மேலே குண்டு வெடித்துச் சிதறிய விமானம். அதிலிருந்த 329 பேரும் பலியாயினர். பெரும்பாலானோர் கனடியர். குண்டு இருந்த பெட்டி வன்கூவரிலிருந்து வந்து, பிறம்ரனை அடுத்த பியர்சன் விமானநிலையத்தில் இவ்விமானத்தில் மாற்றி ஏற்றப்பட்டது. அன்று அங்கு எக்ஸ்ரே இயந்திரம் பழுதாகியிருந்தது. தாக்குதலுக்கு முன், சந்தேகநபர்களைப் பின்தொடர்ந்த கனடிய உளவுத்துறையினர் காட்டில் கேட்ட வெடியோசையைத் துப்பாக்கிச் சத்தமெனக் கருதினர். ஒட்டுக்கேட்ட ஒலிநாடாக்களும் பின்னர் அழிக்கப்பட்டன. முன்னாள் உச்சநீதிமன்ற நீதிபதி ஜோன் மேஜர் தலைமையிலான விசாரணை ஆணைக்குழு, 2010 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில் அரச அமைப்புகளின் தொடர் தவறுகளைச் சுட்டியது. அதே மாதம் 23ஆம் திகதி, ரொறன்ரோ நினைவிடத்தில் பிரதமர் ஸ்ரீவன் ஹாப்பர் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். இத்தாக்குதல் தொடர்பில் தண்டனை பெற்றவர் இந்தர்ஜித் சிங் ரெயாத் ஒருவரே.