ஆளில்லாத தொகுதி: ஓல்ட் சாரமும் காளையார்கோயிலும்

1

தேர்தல் வரலாறு என்று நம்மிடையே எழுதப்படுவது பெரும்பாலும் யார் ஜெயித்தார், எத்தனை ஓட்டு வித்தியாசம் என்கிற பட்டியல்தான். தொகுதி என்ற ஒன்று எப்படி உண்டாக்கப்பட்டது, அதன் எல்லைக்குள் எதை எண்ணினார்கள், எதை எண்ணாமல் தள்ளினார்கள் என்கிற கேள்விக்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது. கண்மாய், பொட்டல் மாதிரி தொகுதியும் தன்பாட்டுக்குக் கிடக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அது அதிகாரம் வரைந்த கோடு. உயிரோடிருக்கும் தொகுதியில் கட்சிகளின் சத்தத்தில் இந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது. செத்துப்போன தொகுதியில் தெரியும். சதை உதிர்ந்தபிறகு எலும்பு தெரிகிற மாதிரி.

அப்படிச் செத்துப்போன ஒரு தொகுதியை இங்கே வாசித்துப் பார்க்கலாம். அது இருந்தது இங்கிலாந்தில், வில்ட்ஷயர் கிராமப்புறத்தில். பெயர் ஓல்ட் சாரம். அதற்கும் சிவகங்கைச் சீமைக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு என்று கேட்கலாம். உறவு இருக்கிறது. அது பணத்தின் வழியாக வந்த உறவு.

2

சாலிஸ்பரி நகரத்துக்கு வடக்கே ஒரு மேடு. ஒருகாலத்தில் அதன்மேல் கோட்டையும் பெரிய தேவாலயமும் ஊரும் இருந்தன. 13ஆம் நூற்றாண்டில் தேவாலயத்தைக் கீழே சமவெளிக்குக் கொண்டுபோனார்கள். சனங்களும் பின்னாலேயே இறங்கிப் போனார்கள். மேடு காலியானது. ஆனால் 1295இலேயே நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் என்ற கணக்கில் இரண்டு உறுப்பினர்கள் என்பது மட்டும் அப்படியே நின்றது. ஊர் போய்விட்டது, உரிமை போகவில்லை.

இது எப்படிச் சாத்தியம்? அங்கே ஓட்டு மனிதனோடு ஒட்டியிருக்கவில்லை, மனையோடு ஒட்டியிருந்தது. 'பர்கேஜ்' என்று சொல்லப்பட்ட பழைய மனைக்கட்டு எவன் கையில் இருக்கிறதோ அவனுக்கு ஓட்டு. மனையில் வீடு இருக்கவேண்டும் என்பதில்லை, அடுப்பு எரியவேண்டும் என்பதுமில்லை. 1831இல் அங்கே வாக்காளர்கள் 11 பேர். ஒருவர்கூட அங்கே குடியிருக்கவில்லை. வாக்குச்சாவடிக்கும் கட்டடம் கிடையாது. ஒரு எல்ம் மரத்தடியில் கூடாரம் அடித்து இரண்டு பெயரை வாசிப்பார்கள். போட்டி என்பதே அபூர்வம். அந்த மனைகளை மொத்தமாக வாங்கினவர் நாடாளுமன்றத்தில் இரண்டு இடத்தை வாங்கினவர் ஆகிவிடுவார்.

இதை நம் ஊர்க்கணக்கில் வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். வலையபட்டி தொடங்கிச் செட்டிநாட்டு ஊர்களில் பூட்டிக்கிடக்கும் வீடுகளை எண்ணிக்கொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரைக்கும் நீள்கிற வீடுகள். உடையவர்கள் சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். வருஷத்துக்கு ஒருமுறை படைப்புக்கோ கல்யாணத்துக்கோ திறப்பார்கள். ஓல்ட் சாரம் சட்டம் இங்கே நடந்தால் ஒவ்வொரு பூட்டிய வீட்டுக்கும் ஓட்டு இருக்கும். வாசலில் காவலிருக்கும் பெரியவருக்கும் முற்றம் பெருக்க வரும் அம்மாவுக்கும் இருக்காது. அபத்தமாகத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் 1832 வரைக்கும் இதுதான் அரசியல் சாசனம். அதைப் பெருமையாகப் பேசியவர்களும் இருந்தார்கள்.

3

1691இல் இந்த மேட்டை விலைக்கு வாங்கியவர் தாமஸ் பிட். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தை மீறித் தன் கணக்கில் இந்தியாவோடு வியாபாரம் செய்து பணம் சேர்த்தவர். அவரைத் தண்டிக்கப் பார்த்த கம்பெனியே பிற்பாடு அவரைத் தன் ஆளாக ஆக்கிக்கொண்டது. 1698 முதல் 1709 வரை சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர் அவர்தான். சென்னையில் அவர் வாங்கிய 410 காரட் வைரம் 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளரான ஆர்லியன்ஸ் கோமகனுக்கு விற்கப்பட்டது. 'வைர பிட்' என்றே அவருக்குப் பெயர். அவருடைய பேரன் வில்லியம் பிட், 'மாபெரும் சாமானியர்' என்று இங்கிலாந்து கொண்டாடிய தலைவர், 1735இல் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது ஓல்ட் சாரம் வழியாகத்தான். சாமானியரைத் தேர்ந்தெடுக்க அங்கே சாமானியர் யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

இனி நம் பக்கம் வருவோம். 1772 ஜூன் 25. காளையார்கோயில். ஆற்காட்டு நவாப் முகமது அலிக்குச் செலுத்தவேண்டிய கப்பம் பாக்கி என்ற பெயரில் கம்பெனிப் படை வருகிறது. ஜோசப் ஸ்மித் ஒரு பக்கம், போன்ஜூர் ஒரு பக்கம். சிவகங்கை அரசர் முத்துவடுகநாதர் கொல்லப்படுகிறார். வேலுநாச்சியார் விருப்பாட்சிக்குப் போகிறார். எட்டு வருஷம் கழித்து 1780இல் அவர் சீமையை மீட்ட கதை மேடைதோறும் சொல்லப்படுகிறது. வீரத்தைச் சொல்கிறோம். படை எதற்காக வந்தது, யாருடைய கணக்கில் வந்தது என்பதைச் சொல்வது குறைவு.

நவாபுக்குச் சொந்தமாகப் பெரிய படை கிடையாது. கம்பெனிப் படையை வரவழைத்தால் அதன் செலவு நவாபின் தலையில் ஏறும். அதைக் கட்ட அவர் கடன் வாங்குவார். கடன் கொடுத்தவர்கள் வேறு யாருமில்லை, சென்னையிலிருந்த அதே கம்பெனியின் உத்தியோகஸ்தர்கள்தான். பகலில் கம்பெனி குமாஸ்தா, இரவில் நவாபுக்கு வட்டிக்கடைக்காரர். அடமானம் சீமைகளின் வருவாய். அந்த வருவாயை வசூலிக்க மறுபடியும் படை. படைக்கு மறுபடியும் கடன். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை எல்லாம் அந்தச் சக்கரத்தின் அடியில் வந்தவை.

இந்தப் பணம் சென்னையோடு நிற்கவில்லை. நவாபின் கடன்காரர்களில் முக்கியமானவர் பால் பென்ஃபீல்ட். 1780இல் கிரிக்லேட் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். அதுவும் வில்ட்ஷயர் கிராமப்புறம்தான். 1785 பிப்ரவரி 28 அன்று ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி எட்மண்ட் பர்க் பேசிய புகழ்பெற்ற பேச்சில், முந்தைய நாடாளுமன்றத்தில் பென்ஃபீல்ட் தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை உண்டாக்கினார் என்று குற்றம் சாட்டினார். அந்தக் கடன்களை விசாரணையில்லாமல் கர்நாடகத்தின் வருவாயிலிருந்து அடைக்க உத்தரவிட்ட அரசின் பிரதம மந்திரி யார்? இளைய வில்லியம் பிட். வைர பிட்டின் கொள்ளுப்பேரன். பின்னால் 1805இல் விசாரணைக் குழு போட்டுப் பார்த்தபோது, கோரப்பட்ட மூன்று கோடிக்கும் மேற்பட்ட பவுண்டில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையான கடனாகத் தேறவில்லை.

சிவகங்கையில் வசூலித்த இன்ன காசு இன்ன ஓட்டை வாங்கியது என்று ரசீது காட்டுவது இங்கே நோக்கமில்லை. அப்படி ரசீது வைத்துக்கொண்டு நடக்கிற காரியமும் இல்லை இது. பார்க்கவேண்டியது அமைப்பை. வில்ட்ஷயரில் ஆளில்லாத மனைக்கு ஓட்டு. காளையார்கோயிலில் ஆளிருந்தும் கேள்வி கேட்க நாதியில்லை. முன்னது இருந்ததால் பின்னது நடந்தது, பின்னது நடந்ததால் முன்னது நீடித்தது. காலனியம் என்றவுடன் ஒரு தேசம் இன்னொரு தேசத்தை ஆண்டது என்று சுருக்கிவிடுகிறோம். இங்கிலாந்தின் சனங்களும் அந்த நாடாளுமன்றத்துக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தார்கள். மான்செஸ்டர் நெசவாலைக்காரனுக்கு ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது, காலி மேட்டுக்கு இரண்டு.

4

1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே வருஷம் ஜூலையில் கர்நாடகம் முழுவதும் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் போயிருந்தது. அடுத்த வருஷம், 1802இல், பிட் குடும்பத்து வாரிசு ஓல்ட் சாரத்தை விற்றார். விலை 60,000 பவுண்டு. அந்த மண்ணிலிருந்து வரக்கூடிய வருமானமோ ஆண்டுக்கு 700 பவுண்டுக்கு மேல் இல்லை. மீதி எதற்கான விலை என்று சொல்லத் தேவையில்லை.

வாங்கியவர் காலிடன் பிரபு. அவருடைய தகப்பனார் ஜேம்ஸ் அலெக்சாண்டர் கம்பெனி உத்தியோகத்தில் இந்தியாவில் சம்பாதித்தவர். குடும்பத்தின் ஆட்களும் உறுப்பினர் ஆனார்கள். 1832இல் தொகுதி ஒழிக்கப்பட்டபோது கடைசி இரு உறுப்பினர்களின் பெயர்கள்: ஜேம்ஸ் அலெக்சாண்டர், ஜோசையா டூ ப்ரே அலெக்சாண்டர்.

இரண்டாவது பெயரில் கொஞ்சம் நிற்போம். 1770 முதல் 1773 வரை சென்னை கவர்னராக இருந்தவர் ஜோசையா டூ ப்ரே. அவர் மனைவி அலெக்சாண்டர் குடும்பத்துப் பெண். காளையார்கோயிலுக்குப் படை புறப்பட்டபோது கோட்டையில் நாற்காலியில் இருந்தவர் இந்த டூ ப்ரேதான். அறுபது வருஷம் கழித்து, ஆளில்லாத தொகுதியின் கடைசிப் பிரதிநிதி அவருடைய பெயரைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். இந்த மேட்டுக்குக் கடைசிவரை பிரதிநிதி இருந்தார். எதன் பிரதிநிதி என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

1832 சீர்திருத்தச் சட்டம் இப்படிப்பட்ட 56 ஊர்த்தொகுதிகளை ஒழித்தது. அதைச் சனநாயகத்தின் விடியல் என்று பாடப்புத்தகம் எழுதும். ஓட்டுக்குச் சொத்துத் தகுதி அப்படியே இருந்தது. மனைக்காரனோடு ஆலை முதலாளியும் சேர்த்துக்கொள்ளப்பட்டான், அவ்வளவுதான். அதனால்தான் 1838இல் சாசன இயக்கத்துத் தொழிலாளர்கள் எல்லா ஆண்களுக்கும் ஓட்டு, சம அளவான தொகுதிகள் என்று ஆறு கோரிக்கைகளோடு தெருவுக்கு வந்தார்கள். பெண்கள் ஆண்களுக்குச் சமமாக ஓட்டுப் பெற 1928 ஆகிவிட்டது.

5

அங்கே ஒழிந்த தர்க்கம் இங்கே இறக்குமதியானது. 1919 சட்டப்படி அமைந்த சென்னைச் சட்டசபைக்கு 1920 நவம்பரில் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர் 98 பேர். நிலப்பரப்பை வைத்துப் பிரித்த தொகுதிகளோடு, ஜமீன்தார்களுக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வணிகச் சங்கங்களுக்கும் தனித் தொகுதிகள். அவற்றில் ஒன்று நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கம். ஒரு சங்கமே தொகுதி. அதற்கு எல்லைக்கல் கிடையாது. வேண்டுமானால் காரைக்குடியில் தொடங்கி ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று கடையிருந்த இடங்களை எல்லையாகச் சொல்லலாம். கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களின் கைக்கு வந்திருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. உலகப் பொருளாதார மந்தத்தில் கடன்கள் மூழ்கி 1937இல் அது 25 விழுக்காடானது. இந்த மூலதனத்துக்குச் சென்னையில் ஓர் இருக்கை இருந்தது. ஓல்ட் சாரத்தில் மனைக்கு ஓட்டு, இங்கே பேரேட்டுக்கு ஓட்டு.

அதே சட்டசபையில் ஒடுக்கப்பட்ட சாதிகள் அனைத்துக்குமாக நியமனத்தில் 5 இடம். எம்.சி. ராஜா அப்படித்தான் உள்ளே போனார். தேர்தல் கிடையாது, தயவு. அந்த ஐந்து பேர் யாருடைய வாழ்க்கையைப் பேசவேண்டியிருந்தது? 1930 டிசம்பரில் இதே ராமநாதபுரம் சீமையில் ஆதிக்கசாதி நாட்டார்கள் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 ஜூனில் அவற்றைப் பதினொன்றாக்கினார்கள். நகை போடக்கூடாது, இடுப்புக்கு மேல் துணி கூடாது, குடை பிடிக்கக்கூடாது, பிள்ளைகள் படிக்கக்கூடாது. சட்டசபையில் சங்கத்துக்கு இருக்கை, சேரியில் குடைக்குத் தடை. ஒரே ஆட்சி, ஒரே வட்டாரம், ஒரே காலம்.

நம் மரபான எண்ணும் முறைகளையும் இங்கே சேர்த்து யோசிக்கவேண்டும். நகரத்தாரிடம் கல்யாணமான ஆண் ஒரு 'புள்ளி'. மற்ற ஊர்களில் தலைக்கட்டு. திருவிழாவுக்கு வரி போடும்போது கைம்பெண் குடும்பத்தை அரைத் தலைக்கட்டு என்று வைக்கிற ஊர்களும் உண்டு. சேரிக்கு வரியும் இல்லை, மரியாதையும் இல்லை. எண்ணுவது என்பதே யார் ஆள், யார் ஆளில்லை என்று தீர்மானிக்கிற காரியம். தலைக்கட்டும் பர்கேஜும் அவ்வளவு தூரத்து உறவு இல்லை.

6

1952 தேர்தல் இந்தக் கணக்கையெல்லாம் உடைத்தது. சொத்து, படிப்பு, ஆண், பெண் என்று பாராமல் ஆளுக்கு ஓர் ஓட்டு. இதை வெள்ளைக்காரன் கொடுத்த பிச்சை என்று சொல்கிறவர்கள் ஓல்ட் சாரத்தை நினைத்துக்கொள்ளட்டும். அவர்கள் ஊரில் பல்கலைக்கழகத் தொகுதிகள் 1950 வரை நீடித்தன. பட்டதாரிக்கு அதுவரை இரண்டு ஓட்டு. வயது வந்த எல்லோருக்கும் ஒரே தவணையில் ஓட்டு என்பது இங்கே போராடி எழுதப்பட்டது. ஆனால் எழுதியவரே எச்சரித்தார். அரசியலில் சமத்துவமும் சமூகத்தில் அசமத்துவமும் சேர்ந்திருக்கிற முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொன்னார்.

அந்த முரண்பாடு வெடித்த இடம் நமக்குப் பக்கம்தான். மேலூர் அருகே மேலவளவு. 1996இல் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடன் ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் 2006 வரை முறையான தேர்தலே நடத்தமுடியவில்லை. ஓல்ட் சாரத்தில் வாக்காளர் இல்லாமல் பிரதிநிதி இருந்தார். இங்கே வாக்காளர்கள் இருந்தார்கள், பிரதிநிதி இருக்க விடவில்லை. இரண்டு இடத்திலும் தொகுதியைச் சொத்தாகப் பார்த்த கண் ஒன்றேதான்.

கோடு வரைகிற வேலையும் முடியவில்லை. 2008 மறுவரையறையில் சிவகங்கை மாவட்டத்தின் ஐந்து சட்டமன்றத் தொகுதிகள் நான்காயின. இளையான்குடி போனது. 2009 ஆகஸ்டில் அதற்கு நடந்த கடைசி இடைத்தேர்தலை அ.தி.மு.க. புறக்கணித்தது, தி.மு.க. ஜெயித்தது, 2011இல் தொகுதியே இல்லை. அந்தச் சனம் மானாமதுரைக்குள் சேர்க்கப்பட்டது. சென்னைக்கு 14 இருந்தது 16 ஆனது. தலைக்கணக்குப்படி நியாயம்தான். ஆனால் வானம் பார்த்த பூமியில் தண்ணீர் இல்லாமல் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனவர்கள் ஊரின் குரலையும் கையோடு கொண்டுபோக நேர்கிறது. போன இடத்தில் பலருக்கு வாக்காளர் பட்டியலில் பெயரும் சேர்வதில்லை. இதே கணக்கு மாநிலங்களுக்கிடையிலும் உண்டு. 1962இல் 41ஆக இருந்த தமிழகத்தின் மக்களவை இடங்கள் 1967இல் 39 ஆயின. அதன்பின் 1976இல் போட்ட முடக்கத்தை, 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புவரை என்று 2001இல் 84ஆம் திருத்தம் நீட்டித்தது.

இந்த விவாதத்தில் எத்தனை இடம் கிடைக்கும், எத்தனை போகும் என்ற பேச்சு பலமாகக் கேட்கிறது. கேட்கத்தான் வேண்டும். அதோடு சேர்த்து இன்னொன்றையும் கேட்கவேண்டியவர்கள் நாம்: அந்த இடங்களில் எதை எண்ணப்போகிறோம்? ஓட்டுக்குக் காசு கொடுக்கிறவன் ஓல்ட் சாரம் வியாபாரத்தைத்தான் சில்லறையாக நடத்துகிறான். அன்றைக்கு மேட்டை மொத்தமாக வாங்கினார்கள், இன்றைக்கு வீடுவீடாக வாங்குகிறார்கள். வித்தியாசம், இன்றைக்கு மேட்டில் ஆள் இருக்கிறார்கள் என்பது. வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வாய் இருக்கிறது. எல்ம் மரத்தடியில் அது ஒருநாளும் இருந்ததில்லை.