நிற ஆழம் (ஒளிப்பட ஸ்கேன்)
ஸ்கேன் செய்த படத்தின் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் பதிய ஒதுக்கப்படும் பிட் அளவு. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 8 பிட் என்றால் 256 படிநிலைகள். 16 பிட் என்றால் 65,536.

தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மின்வடிவில் காத்துவருகிறது. இத்தகைய மங்கிய படங்களை 8 பிட்டில் பெரிதாகத் திருத்தினால் முகத்திலும் பின்திரையிலும் பட்டைகள் தோன்றக்கூடும். 16 பிட் இதைப் பெரும்பாலும் தவிர்க்கும். கோப்பின் அளவு மட்டும் இரட்டிக்கும். 4×6 அங்குல வண்ணப்படம் 600 டிபிஐயில் சுமார் 26 எம்பியிலிருந்து 52 எம்பியாகும். 8 பிட்டில் எடுத்ததைப் பின்னர் 16 பிட்டாக மாற்றினாலும் இழந்த விவரம் மீளாது.

குடும்பப் படங்களை 16 பிட் டிஃப் கோப்பாக எடுத்துத் திருத்துவதும், பகிர்வதற்கு 8 பிட் ஜேபெக் நகல் எடுப்பதும் சிறந்த முறை.