டென்னிசு மட்டை

டென்னிசு மட்டை என்பது டென்னிசு அல்லது வரிப்பந்தாட்டத்தில் பந்தை அடிக்கப் பயன்படும், கைப்பிடியும் நரம்புகள் பின்னப்பட்ட நீள்வட்டத் தலையும் கொண்ட கருவியாகும். 1870களில் புல்தரை டென்னிசு தோன்றியது முதல் ஏறத்தாழ நூறாண்டுகள் இது பெரும்பாலும் மரத்தாலேயே செய்யப்பட்டது. 1967க்கும் 1983க்கும் இடையில் இதன் பொருளும் வடிவமும் பெருமளவில் மாறின.

மர மட்டைகள்

தொடக்கத்தில் ஆஷ் மரத்துண்டை நீராவியில் வளைத்துச் சட்டம் செய்தனர். பின்னர் மெல்லிய மரப்பட்டைகளை ஒட்டிச் செய்யும் முறை வந்தது. 1931இல் வெளிவந்த டன்லப் மாக்ஸ்பிளை இவ்வகையில் புகழ்பெற்றது. ராட் லேவரும் ஜான் மெக்கன்ரோவும் இதைக் கொண்டு ஆடியுள்ளனர். மர மட்டையின் தலைப்பரப்பு ஏறத்தாழ 65 முதல் 70 சதுர அங்குலம். இவ்வளவு சிறிதாக இருந்ததற்கு விதி காரணமன்று. 1978 வரை மட்டைக்கென விதியே இல்லை. இறுகக் கட்டிய நரம்புகள் சட்டத்தை உள்நோக்கி இழுக்கின்றன. தலையைப் பெரிதாக்கினால் அவ்விழுவிசையைத் தாங்க மரத்தைத் தடிப்பாக்க வேண்டும். மட்டை தூக்க முடியாத எடையாகிவிடும்.

உலோகமும் பெரிய தலையும்

பிரான்சு நாட்டு ஆட்டக்காரர் ரெனே லாக்கோஸ்ட் எஃகு மட்டைக்கு 1953இல் காப்புரிமை பெற்றார். இதை அமெரிக்காவின் வில்சன் நிறுவனம் 1967இல் டி2000 என்ற பெயரில் விற்றது. ஜிம்மி கானர்ஸ் இதைப் பல ஆண்டுகள் கைவிடவில்லை. எனினும் இதன் தலையும் சிறியதே.

உண்மையான மாற்றத்தைக் கொணர்ந்தவர் பனிச்சறுக்குக் கட்டைகள் செய்து பெயர்பெற்ற பொறியாளர் ஹோவார்ட் ஹெட். பந்து நடுவில் படாதபோது மட்டை கையில் திருகிக்கொள்வதே அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். திருகலை எதிர்ப்பது மட்டையின் நீள அச்சைப் பற்றிய நிலைமத் திருப்புத்திறன். இது விளிம்பிலுள்ள நிறை அச்சிலிருந்து இருக்கும் தொலைவின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். எனவே அகலத்தைக் கால்பங்கு கூட்டினால், அதே நிறைக்கே திருப்புத்திறன் ஒன்றரை மடங்குக்கு மேலாகும். எடை கூட்டுவதைவிட அகலம் கூட்டுவது எவ்வளவு பயனுள்ளது என்பது இதனால் விளங்கும். அலுமினியம் இதற்கு இடமளித்தது. 1976இல் பிரின்சு நிறுவனம் 110 சதுர அங்குலத் தலையுடைய மட்டையை வெளியிட்டது. 85 முதல் 130 சதுர அங்குலம் வரையான பரப்புக்கு ஹெட் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். முதியோருக்கான மட்டை என்று கேலி செய்யப்பட்ட இதனுடன் 16 வயது பாம் ஷ்ரைவர் 1978 அமெரிக்க ஓப்பன் இறுதியாட்டத்தை எட்டினார்.

இழைமங்கள்

கரிம இழைகளைப் பிசினில் தோய்த்து வார்க்கும் மட்டைகள் 1980களில் பரவின. எடைக்கு எடை எஃகைவிட விறைப்பானவை என்பதால் பெரிய தலையும் குறைந்த எடையும் ஒருங்கே கிடைத்தன. ஆடவர் கிராண்ட் சிலாம் ஒற்றையரில் மர மட்டையுடன் கடைசியாக வென்றவர் யானிக் நோவா (பிரெஞ்சு ஓப்பன், 1983). 1991இல் மர மட்டையுடன் மான்டி கார்லோவில் களத்துக்குத் திரும்பிய பியோன் போர்கு முதல் ஆட்டத்திலேயே தோற்றார்.

நரம்புகளும் விதிகளும்

வெர்னர் பிஷர் என்னும் செருமானியர் நரம்புகளை ஒன்றோடொன்று பின்னாமல், குறுக்கு நரம்புகளின் இருபுறமும் நெடுக்கு நரம்புகளை அமைத்தார். 'ஸ்பகெட்டி' மட்டை எனப்பட்ட இதில் நெடுக்கு நரம்புகள் பக்கவாட்டில் நழுவி, மீண்டு, பந்துக்கு மிகுந்த சுழற்சி தந்தன. களிமண் தரையில் 53 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றிருந்த கில்லெர்மோ விலாஸ், 1977 அக்டோபரில் இம்மட்டையுடன் ஆடிய இலியே நஸ்தாசேயிடம் இரு செட்களை இழந்து ஆட்டத்தைக் கைவிட்டார். பன்னாட்டு டென்னிசுக் கூட்டமைப்பு அம்மாதமே இதைத் தடை செய்து, 1978இல் மட்டைக்கு முதல் வரையறை வகுத்தது. நரம்புகள் மாறிமாறிப் பின்னப்பட வேண்டும் என்பது அதன் மையம்.

1997இல் குஸ்தாவோ குயேர்த்தன் பாலியெஸ்டர் நரம்புகளுடன் பிரெஞ்சு ஓப்பனை வென்றபின் அவை பரவின. இவையும் வழுக்கி மீள்வதாலேயே சுழற்சி தருகின்றன. தடைசெய்யப்பட்ட வழிமுறையே விதிக்குட்பட்ட வடிவில் திரும்பியது எனலாம்.

இப்போதைய விதிப்படி மட்டையின் நீளம் 73.7 செ.மீ.க்கும் அகலம் 31.7 செ.மீ.க்கும் மிகலாகாது. எடைக்கு வரம்பு இல்லை.