மஞ்சள் வழியில் வந்த திருட்டு

2014 அக்டோபர் 20 அன்று அமெரிக்காவில், ஐபோனைக் கொண்டே கடையில் பணம் கட்ட உதவும் ஆப்பிள் பே பயன்பாட்டுக்கு வந்தது. முதல் 72 மணி நேரத்துக்குள் பத்து லட்சம் கார்டுகள் ஐபோன்களில் ஏறிவிட்டதாக நிறுவனத் தலைவர் டிம் குக் பெருமையோடு அறிவித்தார். கார்டை ஏற்றுகிறவர் அதன் சொந்தக்காரர்தானா என்ற கேள்வி அன்றைய உற்சாகத்தில் பெரிதாக எழவில்லை.

அமெரிக்கக் கடைகள் கார்டுத் திருட்டில் அடிமேல் அடி வாங்கிய காலம் அது. 2013 கடைசியில் டார்கெட் கடைகளிலிருந்து 4 கோடி கார்டுகளின் விவரம் களவுபோனது. மறு ஆண்டு ஹோம் டிப்போவில் 5.6 கோடி. கார்டின் காந்தப் பட்டையில் உண்மையான எண் அப்படியே பதிந்திருக்கும். கல்லாவில் தேய்த்ததும் அது கடையின் கணினிக்குள் போகும். அங்கே காத்திருந்த வைரஸ் அதை அள்ளிக்கொண்டது.

இதற்கு மாற்றாக வந்ததுதான் டோக்கன் முறை. கார்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான இஎம்விகோ 2014 மார்ச்சில் அதற்கான விதிமுறைகளை வெளியிட்டது. கார்டு எண்ணுக்குப் பதிலாக வேறொரு எண் போனின் பாதுகாப்புச் சில்லில் உட்காரும். அந்த எண் அந்தப் போனில் மட்டுமே செல்லும். ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும் அதனுடன் ஒருமுறைக் குறியீடு ஒன்றும் சேரும். கடையின் கணினியையே சூறையாடினாலும் திருடனுக்குப் பயன்படக்கூடியது அங்கே எதுவும் இராது. உண்மையிலேயே அருமையான ஏற்பாடு.

ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. கார்டை முதன்முதலாகப் போனில் சேர்க்கும் அந்த ஒரு நிமிடத்தில்.

கேமரா கார்டின் எண்ணைப் படிக்கிறது. போனின் பெயர், அது இருக்கும் இடம், ஐடியூன்ஸ் கணக்கு எவ்வளவு காலமாகப் புழக்கத்தில் உள்ளது போன்ற குறிப்புகளும் சேர்ந்து வங்கிக்குப் போகின்றன. வங்கி மூன்றில் ஒரு பதிலைச் சொல்லலாம். பச்சை என்றால் கார்டு உடனே ஏறிவிடும், சிவப்பு என்றால் கிடையாது. மஞ்சள் என்றால், இன்னும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். அந்த விசாரணையை எப்படி நடத்துவது என்பது அந்தந்த வங்கியின் பொறுப்பு. பல வங்கிகள் அதற்குச் சரியாகத் தயாராகவில்லை. வாடிக்கையாளரைக் கால் சென்டருக்குப் பேசச் சொல்லிவிட்டு, சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் கேட்டு ஒப்புதல் தந்த வங்கிகளும் உண்டு. அந்த நான்கு இலக்கங்கள் கள்ளச் சந்தையில் கார்டு எண்ணோடு சேர்ந்தே விற்பனைக்குக் கிடைத்தன.

அதுவரை திருட்டு எண்ணைக் கடையில் பயன்படுத்த வேண்டுமானால், வெற்றுக் கார்டில் அதைப் பதிந்து போலிக் கார்டு செய்ய வேண்டியிருந்தது. இப்போது அந்த வேலையும் மிச்சம். ஒரு ஐபோன் போதும். 2015 தொடக்கத்தில் செரியன் ஏப்ரகாம் என்ற துறை ஆலோசகர் இதை வெளிப்படையாக எழுதினார். சில வங்கிகளில் ஆப்பிள் பே வழியாக நடந்த செலவில் நூற்றுக்கு 6 டாலர் வரை மோசடி என்பது அவருடைய மதிப்பீடு. அந்த மார்ச்சில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் மேலும் ஒன்றைச் சொன்னது: மோசடிக் கொள்முதலில் பெரும்பகுதி ஆப்பிளின் சொந்தக் கடைகளிலேயே, விலை உயர்ந்த பொருட்களாக நடந்திருந்தது. டோக்கனை யாரும் உடைக்கவில்லை. பொய்யான ஆளுக்கு வங்கியே மெய்யான டோக்கனை வழங்கியிருந்தது. பிறகுதான் வங்கிகள் விழித்துக்கொண்டு, ஏற்கெனவே பதிவான கைபேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பத் தொடங்கின.

இந்தியாவில் கதை முன்கூட்டியே வேறு பாதையில் போயிருந்தது. இணையத்தில் கார்டைப் பயன்படுத்த இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்ற ரிசர்வ் வங்கியின் உத்தரவு 2009 ஆகஸ்டிலேயே நடைமுறைக்கு வந்தது. அது தொந்தரவு என்று நிறுவனங்கள் முணுமுணுத்தன. வெளிநாட்டுக் கட்டண வாசல் வழியாக ஊபர் அதைச் சுற்றிச் சென்றபோது, 2014 அக்டோபர் 31-க்குள் அந்தக் குறுக்குவழி மூடப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு விதித்தது. 2019 ஜனவரி 8-இல் வெளியான டோக்கன் சுற்றறிக்கையிலும் அதே கண்டிப்பைப் பார்க்கலாம். கார்டைச் சேர்க்க வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதமும் இரண்டாவது சரிபார்ப்பும் வேண்டும். முன்கூட்டியே டிக் அடித்து வைத்த பெட்டி செல்லாது. இதற்காக வாடிக்கையாளரிடம் காசு வாங்கவும் கூடாது. இந்த விதிகளை எழுதியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் திருடர்களும் ஓடிபி வரை வந்துவிட்டார்கள். சுங்கக் கட்டணம் பாக்கி, பார்சல் தேங்கி நிற்கிறது என்று ஒரு குறுஞ்செய்தி வரும். அதிலுள்ள போலிப் பக்கத்தில் ஒருவர் கார்டு எண்ணைத் தட்டும்போதே, எங்கோ இருக்கும் இன்னொருவர் அதைத் தன் போனில் சேர்த்துக்கொண்டிருப்பார். வந்த ஓடிபி பார்சலுக்கானது என்று நம்பி இவர் அதையும் அந்தப் பக்கத்தில் இடுகிறார். அந்த எண் உண்மையில் கார்டை வேறொரு போனில் ஏற்றுவதற்கானது. வங்கி அனுப்பும் செய்தியில் பெரும்பாலும் அந்த விவரம் இருக்கும். அவசரத்தில் கண்ணில் படுவது ஆறு இலக்கங்கள் மட்டுமே. சிங்கப்பூரில் 2024-இன் கடைசி மூன்று மாதங்களில் இப்படி 656 புகார்கள் பதிவாயின. இழப்பு குறைந்தது 12 லட்சம் சிங்கப்பூர் டாலர். குறுஞ்செய்தி ஓடிபியைக் கைவிட்டு, கார்டு சேர்ப்பதற்கான ஒப்புதலைத் தங்கள் சொந்தச் செயலிக்குள்ளேயே கேட்கும் முறைக்கு இப்போது பல வங்கிகள் மாறிவருகின்றன.