யாருடைய கையெழுத்து?

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, அறுவை அரங்குகளுக்கான பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். தன் உடல் மானிடர்க்கு உரியதன்று என்று ஆண்டாள் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் அதற்கு வெகுதூரமில்லை. தன் உடல் குறித்துத் தானே முடிவு சொன்ன அந்தக் குரலைக் கோயிலில் கொண்டாடுகிறோம். ஆனால், ஆபரேஷனுக்குப் போகும் பெண்ணிடம், "வீட்டுக்காரர் வந்திருக்காரா? கையெழுத்துப் போடணும்" என்று கேட்பது இன்றும் நமக்கு உறுத்துவதில்லை.

சட்டத்திலும் அந்தக் குரலுக்கு எளிதில் இடம் கிடைக்கவில்லை. நியூயார்க்கில் மேரி ஷ்லோண்டார்ஃப், மயக்கநிலையில் சோதிக்க மட்டுமே சம்மதித்தார், கட்டியையே அகற்றிவிட்டார்கள். தன் உடலுக்கு என்ன செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை மனத்தெளிவுள்ள ஒவ்வொருவருக்கும் உண்டு என்று 1914-ல் நீதிபதி கார்டோசோ எழுதினார். ஆயினும் மருத்துவமனைக்கு எதிரான அவ்வழக்கில் அந்தப் பெண் தோற்றார்.

இந்தியாவில் சமீரா கோலி வழக்கு முக்கியமானது. 1995-ல் டெல்லியில், மணமாகாத 44 வயதுப் பெண் லேப்ராஸ்கோபிக்குக் கையெழுத்திட்டார். அவர் மயக்கத்தில் இருக்கையில், வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. உயிராபத்து இல்லாதபோது தாயின் சம்மதம் செல்லாது, சோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கு ஆகாது என்று 2008 ஜனவரி 16-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீடு வெறும் 25,000 ரூபாய்.

ஏழைப் பெண்களின் நிலை இன்னும் மோசம். 2012 ஜனவரியில் பீகாரின் அராரியா மாவட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில், ஒரே மருத்துவர் இரண்டு மணி நேரத்துக்குள் 53 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார். இதைத் தொடர்ந்து தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கில், 2016-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களை வலியுறுத்தியது: படிவத்தை அப்பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், மனம் மாற விரும்பினால் மாற, ஏறக்குறைய ஒரு மணி நேரமாவது அவகாசம் தர வேண்டும்.

கருக்கலைப்புக்கு, வயதுவந்த பெண்ணின் சம்மதமே போதும் என்று 1971-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கணவரின் கையெழுத்தைக் கேட்பது சட்டமல்ல, பழக்கம்.

ஆகவே படிவம் தமிழில் இருக்கட்டும். எதை அகற்றுகிறார்கள், ஏன், வேறு வழி உண்டா, ஆபத்து என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தனித்தனியே சொல்லட்டும். விளக்கியவர் பெயரும் நேரமும் அதில் பதியட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்கட்டும். 'வேண்டாம்' என்று சொல்லவும் அந்தத் தாளில் ஓர் இடம் வேண்டும்.